துரு நோயும் கோதுமைக் குலமும்

நம் நாட்டு மக்களுள் பெரும்பாலோர்க்கு அன்றாட உணவு அரிசி அல்லது கோதுமை. மழையின்மையாலும் வெள்ளத்தாலும் இவை பொய்ப்பதுண்டு என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், மழை தக்க பருவத்தில் பெய்து, உழவரின் உழைப்பும் குறைவின்றி அமைந்து, கதிர் பால் பிடித்து நிற்கும் வேளையில், கண்ணுக்குப் புலனாகாத நுண்தூள் ஒன்று காற்றில் பறந்து வந்து, பரந்த நிலப்பரப்பின் விளைவைச் சில வாரங்களில் பதராக்கிவிடக் கூடும் என்பதை நகரங்களில் வாழும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய நோய்களுள் தலையாயது கோதுமையைத் தாக்கும் துரு நோய். அந்நோயின் வரலாற்றை அறிந்துகொண்டால், விதைகளில் பல்வகைமை ஏன் வேண்டும், பழைய நாட்டு வகைகளையும் காட்டுப் புற்களையும் விஞ்ஞானிகள் ஏன் பேணுகின்றனர் என்ற வினாக்களுக்கும் விடை கிடைத்துவிடும்.

துரு என்பது யாது?

இரும்பில் ஏறும் துருவைப் போன்று, கோதுமையின் தாளிலும் இலையிலும் செம்பழுப்பான கொப்புளங்கள் தோன்றுவதால் இந்நோய்க்கு இப்பெயர் அமைந்தது. வடநாட்டு உழவர் இதனைக் 'கேருயி' என்பர். 'கேரு' என்றால் காவி மண். நோயுற்ற வயலினூடே நடப்பவரின் ஆடையில் காவி நிறம் படியும். இது பூசண வகையைச் சேர்ந்த ஓர் உயிர். கோதுமையில் மூவகைத் துரு உண்டு: தண்டைத் தாக்கும் கருந்துரு, இலையைத் தாக்கும் பழுப்புத் துரு, இலையில் கோடு கோடாகப் படரும் மஞ்சள் துரு.

காற்றில் வரும் நுண்வித்து ஒன்று இலையின் மேல் விழுந்து, பனியின் ஈரத்தில் முளைத்து, இலைத்துளையின் வழியே உட்புகுகிறது. பின்பு பயிரின் உணவைத் தான் உண்டு வளர்ந்து, ஒன்றிரண்டு வாரங்களுக்குள் பயிரின் தோலைக் கிழித்துக்கொண்டு கொப்புளமாக வெளிப்படுகிறது. ஒவ்வொரு கொப்புளமும் ஆயிரக்கணக்கான புது வித்துக்களைக் காற்றில் விடுகிறது. ஒரு பருவத்திலேயே இத்தகைய தலைமுறைகள் பல தோன்றுகின்றன. மணிக்குச் சேரவேண்டிய சத்து கொப்புளங்களுக்குப் போய்விடுவதால், அறுவடையில் கிடைப்பது சுருங்கிய உமியே.

பண்டை ரோமானியர் இந்நோய்க்கென ஒரு தெய்வத்தைக் கற்பித்து, ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ஆம் நாள் அதற்குப் பலியிட்டு வந்தனர். நர்மதைப் பள்ளத்தாக்கில் இருபது மைல் நீளமும் பத்து மைல் அகலமும் கொண்ட கோதுமைப் பரப்பு இந்நோயால் அழிந்ததைத் தாம் கண்டதாக ஸ்லீமன் என்னும் ஆங்கில அதிகாரி 1844-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். அந்நாளில் இதனைத் தெய்வக் குற்றம் என்று கருதியோர் பலர். 1946-47-ஆம் ஆண்டு, நாடு விடுதலை பெறவிருந்த வேளையில், மத்திய இந்தியாவில் கருந்துரு பெருவாரியாகப் பரவி ஏறத்தாழ 20 லட்சம் டன் கோதுமையைப் பாழாக்கிற்று. வங்கப் பஞ்சத்தின் வடு ஆறாத காலம் அது. உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. அந்நிலையில் 20 லட்சம் டன் இழப்பு என்பதன் பொருளை நாம் எளிதில் உணரலாம்.

ஆண்டுதோறும் எங்கிருந்து வருகிறது?

துருப் பூசணம் உயிருள்ள பயிரில் மட்டுமே வாழ வல்லது. வடநாட்டுச் சமவெளியில் ஏப்ரல் மாதத்தோடு கோதுமை அறுவடை முடிந்துவிடுகிறது. அதன்பின் மே, ஜூன் மாதங்களின் கடும் வெயிலில், பயிரும் இல்லாத நிலத்தில், இப்பூசணம் உயிர் தாங்க இயலாது. அவ்வாறாயின் அடுத்த பருவத்தில் அது மீண்டும் தோன்றுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஆக்ராக் கல்லூரியின் பேராசிரியராக இருந்த கரம் சந்த் மேத்தா. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'பார்பெரி' என்னும் முட்செடி கருந்துருவுக்கு இடைத்தங்கலாக உதவுகிறது. இமயத்திலும் அச்செடி உண்டு. எனினும் நம் நாட்டில் நோய் பரவுவதற்கு அது காரணமன்று என்று அவர் நிறுவினார். கோடையிலும் குளிர்ச்சி நீங்காத மலைகளில், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு நிலத்தில் நிற்கும் கோதுமையிலும் வாற்கோதுமையிலும், தானே முளைத்த பயிர்களிலும் துரு தங்கியிருக்கிறது. அங்கிருந்து காற்றின் வழியே சமவெளிக்கு இறங்குகிறது. இதுவே அவர் கண்ட உண்மை.

அம்மலைகள் எவை என்பது தமிழ் மக்களாகிய நமக்கு வியப்பளிக்கும். மஞ்சள் துரு குளிர்ச்சியை நாடுவது; அது இமயச் சாரலிலிருந்து இறங்குகிறது. கருந்துருவுக்கு முதன்மையான உறைவிடம் நம் நீலகிரியும் பழனி மலையும் ஆகும். பழுப்புத் துருவோ வடக்கு, தெற்கு ஆகிய இரு திசைகளிலிருந்தும் வருகிறது. வங்கக் கடலில் எழும் புயல்களை ஒட்டி வீசும் காற்று, தென்மலைகளின் நுண்வித்துக்களை மத்திய இந்தியாவுக்குச் சுமந்து சென்று, மழையோடு வயல்களில் இறக்குகிறது என்பதை 1970-களில் நாகராஜன், ஜோஷி ஆகிய விஞ்ஞானிகள் வானிலைக் குறிப்புகளின் துணைகொண்டு மேலும் தெளிவுபடுத்தினர். கோதுமையை மிகுதியாகப் பயிரிடாத தமிழ்நாட்டின் இரு மலைகளுக்கும் நர்மதைக் கரை உழவரின் வாழ்வுக்கும் இத்துணை நெருங்கிய தொடர்பு உண்டு. நீலகிரியின் வெல்லிங்டனில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இயங்குவதும் இதனாலேயே. நோய் எப்பொழுதும் உள்ள இடத்தில் விதைத்துப் பார்த்தால், தாங்கும் பயிர் எது, தாங்காதது எது என்பது விரைவில் விளங்கிவிடும் அன்றோ?

பயிரிலேயே அமைந்த காவல்

மருந்து தெளித்து நோயைத் தடுக்கலாம். ஆயின் கோடிக்கணக்கான ஏக்கரில் அதனைச் செய்வது செலவு மிக்கது. சிறு உழவர்க்கு எளிதன்று. நோயைத் தானே எதிர்க்கும் பயிரை உண்டாக்குவதே உழவர்க்குச் செலவில்லாத வழி. கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபென் என்பவர் 1905-இல் இதற்கு அடிகோலினார். மஞ்சள் துருவை எதிர்க்கும் கோதுமையையும் அதற்கு இரையாகும் கோதுமையையும் கலப்புச் செய்தபோது, பேரப்பயிர்களில் நால்வற்றுள் ஒன்று என்ற கணக்கில் எதிர்ப்பாற்றல் வெளிப்பட்டது. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட மரபு விதியே நோய் எதிர்ப்புக்கும் பொருந்தும் என்பது அதனால் விளங்கிற்று. பெற்றோரிடமிருந்து மக்கட்குப் பண்புகளை எடுத்துச் செல்லும் மரபுக் கூறுகளை 'ஜீன்' என்கிறோம். எதிர்ப்பாற்றலும் ஒரு ஜீனாகப் பயிரிலிருந்து பயிருக்குச் செல்லக் கூடியது.

கேம்பிரிட்ஜில் பயின்ற பெஞ்சமின் பியரி பால் 1933-இல் பீகாரிலுள்ள பூசாவில் இருந்த ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அக்கட்டிடம் சிதைந்தது. 1936-இல் கழகம் டில்லிக்குப் பெயர்ந்தது. இத்தனை இடையூறுகளுக்கு நடுவிலும் கலப்பு வேலை தொடர்ந்தது. ஒரு துருவை எதிர்க்கும் பயிர் மற்றொன்றுக்கு இரையாகும். இரண்டையும் எதிர்ப்பது விளைச்சலில் குறையும். மூன்று துருக்களையும் எதிர்க்கும் கோதுமை என்.பி. 809 என்ற பெயருடன் 1954-இல் உருவாயிற்று. அவர் தொடங்கிய வேலை பலன் தர இருபது ஆண்டுகள் ஆயின என்பதைக் கருதினால், இத்துறையில் பொறுமைக்குள்ள இடம் புலனாகும்.

பூட்டும் திறவுகோலும்

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்று. ஆனால் பூசணமும் ஓர் உயிர். அதற்கும் ஜீன்கள் உண்டு. அமெரிக்காவின் எல்வின் ஸ்டேக்மன், கருந்துரு என்று நாம் ஒரே பெயரால் குறிப்பது உண்மையில் பல உள்ளினங்களின் தொகுதி என்பதை முதல் உலகப் போர்க் காலத்தில் கண்டறிந்தார். அவ்வுள்ளினங்களை வேறு பிரித்தறிய அவர் வகுத்த பன்னிரண்டு கோதுமைகளின் தொகுதியில் நம் நாட்டுக் 'கப்ளி' கோதுமையும் ஒன்று. தமிழ்நாட்டில் சம்பா கோதுமை என வழங்குவதும் அதே இனத்தைச் சேர்ந்தது.

பின்னர் ஹெரால்ட் ஃப்ளோர் என்பவர் ஆளிப் பயிரின் துருவை ஆராய்ந்து, பயிரிலுள்ள ஒவ்வோர் எதிர்ப்பு ஜீனுக்கும் ஈடாகப் பூசணத்தில் ஒரு ஜீன் உண்டு என்று 1940-களில் காட்டினார். இதனைப் பூட்டுக்கும் திறவுகோலுக்கும் ஒப்பிடலாம். பயிர் ஒரு பூட்டால் தன்னைக் காத்துக்கொள்கிறது. கோடானுகோடி நுண்வித்துக்களுள் ஏதேனும் ஒன்றில் தற்செயலாக ஏற்படும் மாறுதல், அப்பூட்டுக்குப் பொருந்தும் திறவுகோலாக அமைந்துவிடுகிறது. ஊரில் வீட்டுக்கு வீடு வெவ்வேறு பூட்டு இருந்தால், ஒரு திறவுகோலால் ஒரு வீடுதான் திறக்கும். ஊர் முழுவதும் ஒரே பூட்டாயின், கள்வனுக்கு ஒரு திறவுகோல் போதும்.

கோதுமை தன்மகரந்தச் சேர்க்கையால் விளைவது. ஆதலின் ஒரு வகையைச் சேர்ந்த செடிகள் அனைத்தும் மரபில் ஏறத்தாழ ஒரே அச்சாக இருக்கும். பழைய நாட்டு வகைகள் அவ்வாறல்ல. ஒரே வயலில் பல மரபுகள் கலந்து நின்றன. நோய் வந்தால் சில சாய்ந்தன, சில நின்றன. விளைச்சல் குறைவுதான், எனினும் முற்றிலும் பாழாவது அரிது.

பசுமைப் புரட்சியின் பாடம்

1966-இல் நம் நாடு மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை இறக்குமதி செய்தது. நார்மன் போர்லாக் உருவாக்கிய அவ்வகைகளின் பயனாக, 1964-65-இல் சுமார் 120 லட்சம் டன்னாக இருந்த விளைச்சல் 1967-68-இல் 160 லட்சம் டன்னைத் தாண்டியது. கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த நாடு தன் காலில் நிற்கத் தொடங்கிற்று. இப்பேற்றை எக்காலத்தும் குறைத்துப் பேசலாகாது. மெக்ஸிகோ விதைகளிலிருந்து நம் விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த 'கல்யாண் சோனா', 'சோனாலிகா' என்னும் இரு வகைகள் 1967-இல் வெளிவந்து, வடநாடு முழுவதும் விரைந்து பரவின.

பரவியதே ஆபத்தாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் பழுப்புத் துருவின் புதிய உள்ளினங்கள் கல்யாண் சோனாவின் பூட்டைத் திறந்தன. அப்பொழுது விஞ்ஞானிகள் ஒரு புதுமையைக் கையாண்டனர். உயரம், முதிர்ச்சி, மணியின் நிறம் ஆகியவற்றில் கல்யாண் சோனாவையே ஒத்து, எதிர்ப்பு ஜீனில் மட்டும் வேறுபட்ட பல வரிசைகளை வளர்த்து, அவற்றின் விதைகளைக் கலந்து கொடுத்தனர். கே.எஸ்.எம்.எல். 3, எம்.எல்.கே.எஸ். 11 முதலியன அவ்வாறு தோன்றிய கூட்டு வகைகள். பார்வைக்கு ஒரே வயல். நோய்க்கோ செடிக்குச் செடி வெவ்வேறு பூட்டு. கருத்து சிறந்ததே. எனினும் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே வளர்த்துச் சேர்க்கும் காலத்திற்குள், அவற்றைவிட மிகுதியாக விளையும் புதிய வகைகள் வந்துவிட்டமையால் இவை நிலைபெறவில்லை.

பாடம் முழுவதும் மனத்திற் பதிந்தது என்றும் கூறுவதற்கில்லை. 1990-களின் நடுவில் வெளிவந்த பி.பி.டபிள்யூ. 343 என்ற கோதுமை, விளைச்சலின் சிறப்பால் ஒரு கோடி ஏக்கருக்கும் மேலாகப் பரவியது. அடுத்த பத்தாண்டுகளில் மஞ்சள் துருவின் புதிய உள்ளினம் அதனைப் பற்றிக்கொண்டது. அவ்விடத்திற்கு வேறு வகைகளைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இதில் உழவரைக் குறைகூறுவது நியாயமன்று. அண்டை வயலில் நன்கு விளைந்ததைத்தான் அவர் விதைப்பார். கடன் வாங்கிப் பயிர் செய்பவர், நாட்டின் நலனுக்காகக் குறைந்த விளைச்சலை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது? ஒரே வகைத் தானியத்தைத்தான் ஆலையும் சந்தையும் விரும்புகின்றன. ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே நன்மையாகத் தோன்றும் முடிவு, எல்லோரும் சேர்ந்து செய்யும்போது எல்லோர்க்கும் இடராக முடிகிறது. ஆகவே, ஒரு பகுதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நல்ல வகைகளை உண்டாக்கி, அவற்றின் விதையைத் தக்க காலத்தில் உழவர் கைக்குச் சேர்ப்பது ஆராய்ச்சி நிலையங்களின் பொறுப்பும் அரசின் பொறுப்பும் ஆகும்.

எல்லை அறியாத எதிரி

1998-இல் உகாண்டா நாட்டில் கருந்துருவின் புதிய உள்ளினம் ஒன்று காணப்பட்டது. 'யூ.ஜி. 99' என்று பெயரிடப்பட்ட அது, ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்திலிருந்து கோதுமைக்கு மாற்றப்பட்டு உலகெங்கும் பல வகைகளுக்குக் காவலாக நின்ற எஸ்.ஆர். 31 என்ற ஜீனை வென்றுவிட்டது. கென்யா, எத்தியோப்பியா, ஏமன் ஆகிய நாடுகளைக் கடந்து 2007-இல் அது ஈரானில் காணப்பட்டது. நம் நாட்டுக் கோதுமை வகைகளைக் கென்யாவின் என்ஜோரோ என்னுமிடத்திற்கு அனுப்பி, அங்குள்ள நோயின் நடுவே விதைத்துச் சோதிக்கும் ஏற்பாட்டில் இந்திய விஞ்ஞானிகளும் பங்குகொண்டனர். பகைவன் வாயிலுக்கு வருமுன் அவன் படைக்கலத்தை அறிந்துகொள்ளும் முயற்சி இது.

இத்தகைய நிலையில் விஞ்ஞானிகள் நாடும் வழிகள் இரண்டு. முதலாவது, ஒரு பயிருக்கு ஒரே பூட்டுப் போடாமல் பல பூட்டுக்களை ஒருங்கே போடுவது. ஒரே நுண்வித்தில் பல திறவுகோல்கள் ஒருசேர அமைவது மிக அரிது. இரண்டாவது, நோயை அடியோடு தடுக்காமல் அதன் வேகத்தைத் தணிக்கும் ஜீன்களைப் பயன்படுத்துவது. கொப்புளங்கள் தோன்றும், ஆனால் சிறிதாகவும் தாமதமாகவும் தோன்றும், அதற்குள் மணி முற்றிவிடும். அமெரிக்காவில் எட்கர் மக்ஃபாடன், சம்பா கோதுமை இனத்தைச் சேர்ந்த ஒரு வகையிலிருந்து ரொட்டிக் கோதுமைக்குக் கொணர்ந்த எஸ்.ஆர். 2 என்ற ஜீன் இத்தகையது. அது பல பத்தாண்டுகள் கடந்தும் பயன் தந்து வந்திருக்கிறது.

கோண்டாவிலிருந்து கிடைத்த நெல்

இப்பூட்டுக்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? அவற்றை மனிதன் செய்வதில்லை. இயற்கையில் தேடி எடுக்கிறான். இதற்கு நெல்லின் வரலாறு நல்ல சான்று. 1970-களில் ஆசிய நாடுகளின் நெற்பயிரைப் புகையான் பூச்சியால் பரவும் 'புல்தழைக் குட்டை நோய்' வாட்டியது. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்துப் பார்த்ததில், உத்தரப் பிரதேசத்தின் கோண்டாப் பகுதியில் 1963-இல் சேகரித்த 'ஒரைசா நிவரா' என்னும் காட்டு நெல் ஒன்றில்தான் அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இருந்தது. உணவுக்குப் பயன்படாத, எவரும் திரும்பிப் பாராத புல் அது. குர்தேவ் குஷ் என்னும் இந்திய விஞ்ஞானி அதன் ஜீனைப் பயிர்நெல்லுக்குக் கொணர்ந்தார்.

1976-இல் வெளிவந்த ஐ.ஆர். 36 என்ற நெல்லின் முன்னோருள் அக்காட்டு நெல்லோடு, தமிழ்நாட்டின் திரூர்குப்பத்தில் உருவான டி.கே.எம். 6 உண்டு, கேரளத்துப் பட்டாம்பி நெல்லின் வழியில் கட்டாக்கில் உருவான வரிசையும் உண்டு. ஒரு காலத்தில் ஆசியாவில் ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேலாக அந்நெல் பயிராயிற்று. கோண்டாவின் சதுப்பு நிலத்தை அதற்கு முன்பே எவரேனும் திருத்தியிருந்தால், அந்தப் புல்லும் இல்லை. அதன் ஜீனும் இல்லை. அண்மையில் 2008-இல் ஹைதராபாத்தில் உருவான மேம்பட்ட சம்பா மசூரி நெல்லிலும், பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தடுக்க மூன்று ஜீன்கள் சேர்ந்துள்ளன. அவற்றுள் ஒன்று ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது.

விதைக் களஞ்சியம்

ஆகவே பழைய விதைகளைக் காப்பது வருங்கால உணவைக் காப்பதே ஆகும். ரஷ்ய நாட்டு விஞ்ஞானி நிக்கோலாய் வாவிலோவ் இவ்வுண்மையை உணர்ந்து உலகெங்கும் அலைந்து விதைகளைத் திரட்டினார். அரசின் சீற்றத்துக்கு ஆளாகி 1943-இல் அவர் சிறையில் இறந்தார். இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு முற்றுகையிடப்பட்டபோது, அவர் திரட்டிய விதைகளைக் காத்து நின்ற உதவியாளர் சிலர், நெல்லும் தானியமும் நிறைந்த அறைகளின் நடுவே, அவற்றைத் தொடாமல் பசியால் மாண்டனர். நம் நாட்டில் 1976 முதல் டில்லியில் தேசியத் தாவர மரபுவளக் கழகம் இப்பணியைச் செய்து வருகிறது. அதன் களஞ்சியத்தில் ஈரம் போக்கிய விதைகள் உறைநிலைக்கும் கீழான குளிரில் வைக்கப்படுகின்றன. பயிர்வகைகளைப் பேணும் உழவரின் உரிமையை ஏற்று 2001-இல் சட்டமும் இயற்றப்பட்டது.

எனினும் குளிரறையில் உறங்கும் விதை மட்டும் போதாது. அறையில் உள்ளது, நோயின் மாறுதலை அறியாமல் அப்படியே நிற்கிறது. வயலில் விளையும் விதையோ ஆண்டுதோறும் நோயையும் வெயிலையும் எதிர்த்து நின்று, தானும் மாறிவருகிறது. இரண்டும் நமக்கு வேண்டும். கிராமத்தில் ஒரு மூதாட்டி மண்பானையில் சாம்பலிட்டுக் காத்துவரும் ஒருபடி விதையில், நாளை தோன்றவிருக்கும் நோய்க்குரிய பூட்டு இருக்கக் கூடும். அதன் மதிப்பு நோய் வரும் நாளில்தான் தெரியும். அந்நாளில் தேடினால் கிடைக்க வேண்டுமாயின், இன்று அதனை விதைத்தும் சேகரித்தும் வைத்திருக்க வேண்டும். நம் இலையில் வந்து விழும் சோற்றுக்கும் சப்பாத்திக்கும் பின்னே இத்தனை பேரின் தேடலும் காவலும் இருப்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.